வெள்ளம் வடிந்த பிறகு வகுப்பில் என்ன கேட்பது?

கேள்வி: 3 டிசம்பர் 2024

முல்லைத்தீவுக் கரையோரப் பாடசாலை ஒன்றில் தரம் 9, 10 பிள்ளைகளுக்குக் குடியுரிமைக் கல்வி படிப்பிக்கிறேன். இந்த 26ஆம் திகதியோடு சுனாமிக்கு 20 வருடம். ஏதாவது பெரிதாகச் செய்யும்படி அதிபர் சொல்கிறார். என் வகுப்பில் இருப்பவர்களில் ஒருவர்கூட அப்போது பிறந்திருக்கவில்லை. 9.25க்கு இரண்டு நிமிட மௌனம், சுடரேற்றல், பேச்சு, சித்திரப் போட்டி. இவற்றுக்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அனர்த்தத்தைப் படிப்பது எப்படிக் குடியுரிமைப் பாடமாகும்? அது புவியியல் அல்லவா? கிளிநொச்சி, வவுனியாப் பக்கம் யாராவது செய்து பார்த்திருந்தால் எழுதுங்கள்.

3 டிசம்பர் 2024, இரவு

அலை எப்படி எழுந்தது என்பது வரையில்தான் அது புவியியல், தங்கச்சி. சுமாத்திராவுக்கு அப்பால் கடலடியில் 9.1 அளவில் நிலம் அதிர்ந்தது. அங்கிருந்து நம் கரைக்கு வர அலைக்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் எடுத்தது. அந்த இரண்டு மணி நேரமும் கரையில் இருந்தவர்களுக்கு ஏன் ஒன்றும் தெரியவில்லை என்று ஒரு பிள்ளை கேட்கட்டும். பாடம் அந்த இடத்தில் மாறிவிடும். யார் சொல்லியிருக்க வேண்டும்? அப்படிச் சொல்வதற்கென்று ஒரு பதவி அன்று இருந்ததா? இந்து சமுத்திரத்துக்கு எச்சரிக்கை முறையே அப்போது இருக்கவில்லை. நம் நாட்டின் அனர்த்த முகாமைத்துவச் சட்டம் 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம். ஆண்டைப் பாருங்கள்.

மௌனத்தை விட்டுவிடச் சொல்லவில்லை. அது இறந்தவர்களுக்கு நாம் கொடுக்க வேண்டியது. 9.27க்குப் பிறகு என்ன செய்வது என்பதுதான் உங்கள் கேள்வி. நாளை விரிவாக எழுதுகிறேன்.

4 டிசம்பர் 2024

நான் படிப்பிப்பது கிளிநொச்சி மாவட்டத்தில், இரணைமடுக் குளத்துக்குக் கீழே. 2018 டிசம்பர் 21 இரவு எங்கள் பக்கம் பெய்த மழையை இங்கே யாரும் மறக்கவில்லை. குளத்தில் மிஞ்சும் நீரை வெளியேற்றும் வான்கதவுகள் திறக்கப்பட்டன. பன்னங்கண்டி, முரசுமோட்டை, கண்டாவளை என்று கீழே இருந்த ஊர்கள் நீருக்குள் போயின. புனரமைத்து அணைக்கட்டை உயர்த்திய குளத்தை ஜனாதிபதி வந்து திறந்து வைத்து அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. வெள்ளம் வடியும் முன்னரே வாக்குவாதம் தொடங்கிவிட்டது. கதவுகளை ஏன் முந்தித் திறக்கவில்லை? திறந்தபோது ஏன் சொல்லவில்லை? அப்படிப்பட்ட மழைக்கு யார் என்ன செய்திருக்க முடியும், குளம் மட்டும் இல்லாவிட்டால் இதைவிட மோசமாகியிருக்கும் என்று மறுபக்கம் சொன்னது. ஆளுநர் விசாரணைக் குழு ஒன்றை நியமித்தார்.

இதைவிடச் சிறந்த குடியுரிமைப் பாடப்புத்தகம் வன்னியில் எனக்குக் கிடைக்கவில்லை. மழை இயற்கையானது. கதவு மனிதருடையது. கதவுக்கு ஒரு சாவி, சாவிக்கு ஒரு கை, அந்தக் கைக்கு உத்தரவிட ஓர் அதிகாரி, அந்த அதிகாரிக்கு மேலே இன்னொருவர். அந்த வரிசையில் ஏறிக்கொண்டே போனால் பிள்ளை அரசாங்கம் என்பது என்ன என்று கண்டுபிடித்துவிடும்.

முதலில் ஆற்றை வரைய வைக்கிறேன். கனகராயன் ஆறு வவுனியா மாவட்டத்தில் தொடங்குகிறது, முல்லைத்தீவு மாவட்டத்தைக் கடக்கிறது, கிளிநொச்சியில் இரணைமடுவாகத் தேங்குகிறது, மிச்சம் சுண்டிக்குளம் கடனீரேரிக்குப் போகிறது. அதன்மேல் மெல்லிய தாளை வைத்து மாவட்ட எல்லைகளை வரைய வேண்டும். அடுத்த தாளில் தேர்தல் மாவட்டங்கள். வவுனியாவும் மன்னாரும் முல்லைத்தீவும் சேர்ந்தது வன்னித் தேர்தல் மாவட்டம். கிளிநொச்சி மட்டும் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தில் வாக்களிக்கிறது. மேலே மழை பெய்யும் காட்டுக்குப் பாராளுமன்ற உறுப்பினர்கள் சிலர், கீழே மூழ்கும் வீட்டுக்கு வேறு சிலர். மூன்று தாளையும் சேர்த்து யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிள்ளைகள் கேட்ட கேள்விகளை நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

அடுத்தது கணக்கு. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் ஒரு லீற்றர். ஒரு சதுர கிலோமீற்றரில் 100 மில்லிமீற்றர் பெய்தால் ஒரு இலட்சம் கன மீற்றர். குளத்தின் நீரேந்து பகுதி நூற்றுக்கணக்கான சதுர கிலோமீற்றர். இனிப் பெருக்கிப் பாருங்கள் என்று விட்டுவிடுவேன். "மழைதானே" என்ற சொல்லை அதன் பிறகு அந்த வகுப்பில் யாரும் சொல்வதில்லை.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. வீட்டில் போய் ஒரே ஒரு கேள்வி: "அன்று இரவு வெள்ளம் வருகிறது என்று உங்களுக்கு முதலில் சொன்னது யார்?" கோயில் ஒலிபெருக்கி என்றார்கள். பக்கத்து வீட்டு நாய் என்றார் ஒருவர். கிராம அலுவலர் மோட்டார் சைக்கிளில் வந்து கத்தினார் என்று ஒரு வீடு சொன்னது. கனடாவில் இருக்கும் சித்தப்பா தொலைபேசி எடுத்து எழுப்பினார் என்று சில வீடுகள் சொன்னன. அங்கே பகல், இங்கே எல்லோரும் நித்திரை. முகநூலில் பார்த்துவிட்டு எடுத்திருக்கிறார். கரும்பலகையின் ஒரு பக்கத்தில் சட்டப்படி செய்தி வர வேண்டிய வழியை எழுதினோம். அனர்த்த முகாமைத்துவ நிலையம், மாவட்டச் செயலகம், பிரதேச செயலகம், கிராம அலுவலர், கிராமத்துக் குழு, வீடு. மறுபக்கத்தில் செய்தி வந்த வழி: குளத்தடி, முகநூல், ரொறன்ரோ, படுக்கை. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பற்றி ஒரு பாடவேளை முழுவதும் பேசினோம்.

5 டிசம்பர் 2024

ஒரு சிறிய சேர்ப்பு. 2018 பழையது, பிள்ளைகளுக்கு நினைவிருக்காது என்று வவுனியாவிலிருந்து ஓர் ஆசிரியர் எழுதியிருக்கிறார். தரம் 10இல் இருப்பவர்களுக்கு அப்போது எட்டு, ஒன்பது வயது. நன்றாகவே நினைவிருக்கிறது, தோளில் ஏறிப் போனதை மறப்பார்களா?

ஆனாலும் சென்ற வாரத்து வெள்ளமே போதும். உயர்தரப் பரீட்சை நடுவில் நிறுத்தப்பட்டது. அண்ணாவுக்கோ அக்காவுக்கோ பரீட்சை இருந்த வீட்டுப் பிள்ளையிடம் கேளுங்கள்: நிறுத்துவது என்று யார் முடிவெடுத்தார்? யாரைக் கேட்டு? மழை பெய்யாத மாவட்டத்துப் பிள்ளைக்கும் ஏன் நிறுத்த வேண்டும்? அறிவித்தல் எந்த மொழியில் முதலில் வந்தது? இதற்குப் பாடக்குறிப்பு எழுதத் தேவையில்லை.

8 டிசம்பர் 2024

"சேர், இது அரசியல். வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து யாராவது வந்து கேட்டால் யார் பதில் சொல்வது?" இப்படி எழுதியவரை நான் குறை சொல்ல மாட்டேன். கேள்வி கேட்டவர்களுக்கு என்ன நடந்தது என்று பார்த்து வளர்ந்த ஊர் இது. பயம் படிக்காதவரின் குணம் என்று வெளியூர்க்காரர் நினைக்கலாம். வன்னியில் அது அனுபவசாலியின் குணம்.

என்னுடைய பதில் இதுதான். கட்சியின் பெயர் வகுப்புக்குள் வராது. ஆளின் பெயரும் வராது. பதவி வரும், சட்டம் வரும், திகதி வரும். உதாரணத்துக்கு, வட மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. வெள்ளம் வந்தது டிசம்பரில். மாகாணத்துக்குரிய நீர்ப்பாசனத்துக்குப் பொறுப்பான, மக்கள் வாக்களித்துத் தெரிந்த அமைச்சர் என்று அன்று ஒருவரும் இல்லை. ஆளுநர் மட்டும். இன்று வரை மாகாண சபைத் தேர்தல் நடக்கவில்லை. உள்ளூராட்சி சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. சென்ற மாதம் தண்ணீர் ஒழுங்கைக்குள் ஏறியபோது போய்க் கேட்பதற்கு வட்டார உறுப்பினர் என்று யாருமில்லை. பிரதேச சபையில் செயலாளர் இருக்கிறார், உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள், அவர்களிற் பலர் இரவு பகலாக நின்றார்கள். நாம் தெரிந்தெடுத்த ஆள்தான் இல்லை.

இரண்டு வெள்ளங்களிலும் ஏதோ ஒரு சபை வெறுமையாக இருந்திருக்கிறது. இதை நான் சொல்லவில்லை. காலக்கோடு வரையும்போது ஒரு மாணவி இரண்டு நிறப் பேனாவால் வரைந்தாள், சிவப்பில் வெள்ளம், நீலத்தில் சபைகள். நீலம் இல்லாத இடத்தில் சிவப்பு நின்றது. இதை அரசியல் என்று சொன்னால், குடியுரிமைக் கல்விக்கு வேறு என்ன உள்ளடக்கம் இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.

15 டிசம்பர் 2024

வகுப்பில் நடத்தும் "குளத்தடிக் கூட்டம்" பற்றிச் சிலர் கேட்டிருந்தீர்கள்.

பிள்ளைகளைப் பிரித்துவிடுவேன். ஒருவர் நீர்ப்பாசனப் பொறியியலாளர். சிலர் குளத்தின் கீழ் வயல் செய்யும் கமக்காரர் அமைப்பு. சிலர் வான்கதவுகளுக்குக் கீழே குடியிருப்பவர்கள். சிலர் சுண்டிக்குளத்தில் மீன்பிடித் தொழில் செய்பவர்கள். ஒருவர் பிரதேச செயலாளர். ஒரு வானொலிக்காரர். குளம் முக்கால்வாசி நிறைந்திருக்கிறது, தாழமுக்கம் ஒன்று வருகிறது என்று தொடங்குவேன். பத்து நிமிடத்துக்கு ஒரு தாள் கொடுப்பேன். அதில் மழை அளவும் குளத்து நீர்மட்டமும் மட்டும் இருக்கும். திறப்பதா, எத்தனை கதவு, எத்தனை மணிக்கு, யாருக்கு முதலில் சொல்வது என்று அவர்கள் முடிவெடுக்க வேண்டும்.

இங்கேதான் பிள்ளைகளுக்கு முதல் அதிர்ச்சி. வில்லன் யார் என்று தேடி வந்தவர்கள். முந்தித் திறந்துவிட்டு மழை வராமல் போனால் அடுத்த நெல் பருவமான சிறுபோகத்துக்குத் தண்ணீர் இல்லை. எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்பதைச் சிறுபோகக் கூட்டத்தில் குளத்து நீரைப் பார்த்துத்தான் தீர்மானிக்கிறார்கள். ஒரு அடி குறைந்தால் யாரோ ஒருவருடைய வயல் தரிசாகும். பிந்தித் திறந்தால் கீழே வீடு போகும். சென்ற முறை பொறியியலாளராக இருந்த மாணவியின் மாமி வீடு உண்மையிலேயே பன்னங்கண்டியில். தகப்பனுக்கு வயல் குளத்தின் கீழ். அவள் கடைசித் தாள் வரை திறக்கவில்லை. ஏன் என்று கேட்டபோது, "அப்பா நகை அடகு வைத்து விதைக்கிறார்" என்றாள். வகுப்பே அமைதியாகிவிட்டது. அவளைத் திட்டிய பிள்ளைகளால் அதன் பிறகு திட்ட முடியவில்லை. ஆனால், எனக்கு முந்தியே சொல்லியிருந்தால் நான் பாயையும் சட்டியையும் பரணில் வைத்திருப்பேனே என்று கீழ்க் குடியிருப்பாக நடித்த பையன் விடவில்லை. திறப்பதில் தடுமாறலாம், சொல்வதில் தடுமாறக் கூடாது என்று பிள்ளைகளே அன்று ஒரு தீர்மானம் எழுதிக் கையெழுத்திட்டார்கள்.

ஒரு பையன் எழுந்து, "நான் எருமைக்காரன். எனக்கு ஏன் ஒருவரும் சொல்லவில்லை?" என்றான். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவன் சிரிக்கவில்லை. அவர்கள் வீட்டு மாடுகள் அந்த வெள்ளத்தில் போனவை. இப்போது எங்கள் கூட்டத்தில் கால்நடை வளர்ப்பவருக்கு நிரந்தரமாக ஒரு கதிரை உண்டு.

முல்லைத்தீவுக்கு இரணைமடு தேவையில்லை, தங்கச்சி. உங்களுக்கு வட்டுவாகல் இருக்கிறது. நந்திக்கடல் நிரம்பி வயலுக்குள் ஏறும்போது முகத்துவாரத்து மணல் திட்டை வெட்டச் சொல்வார் வயற்காரர். முந்தி வெட்டினால் இறால் கடலோடு போய்விடும் என்பார் மீன்பிடித் தொழிலாளி. யார் வெட்டச் சொல்வது, யார் கேட்டு வெட்டுவது, யார் சேர்ந்து நின்று பார்ப்பது? உங்கள் பிள்ளைகளின் தகப்பன்மாரில் பாதிப்பேர் அந்த வாக்குவாதத்தில் நின்றிருப்பார்கள்.

19 டிசம்பர் 2024

"சுனாமியைக் கேட்டால் குளத்தைக் காட்டுகிறீர்கள்" என்று கரையிலிருந்து ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். அவர் அன்று தன் குடும்பத்தை இழந்தவர் என்று அவருடைய எழுத்திலிருந்து தெரிகிறது. அந்தக் கோபத்தின் முன் நான் நின்று யோசித்தேன்.

குளத்தைச் சொன்னதற்குக் காரணம் உண்டு. சுனாமியில் கேள்விக்கு உட்படுத்தக் கூடிய கதவு இல்லை. பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைக்கு முதலில் கையில் பிடிக்கக் கூடிய ஒன்று வேண்டும். ஆனாலும் சுனாமிக்குப் பிறகு நடந்தவற்றில் கதவுகள் நிறைய இருக்கின்றன என்பதை இப்போது அழுத்திச் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

கரையிலிருந்து எவ்வளவு தூரத்துக்குள் வீடு கட்டக் கூடாது என்று ஒரு விதி வந்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். பிறகு அது தளர்த்தப்பட்டது. உங்கள் பிள்ளைகளை நாடாவோடு கரைக்குக் கூட்டிப்போய் 100ஐயும் 200ஐயும் அளந்து தடி நட வையுங்கள். இரண்டு தடிகளுக்கும் இடையில் எத்தனை வளவு, எத்தனை கிணறு, எத்தனை மீன்வாடி? ஏன் இரண்டு அளவு? தொழிலாளி கடலைப் பார்க்காமல் எப்படித் தொழில் செய்வது? விதி எழுதியவர் இந்த மணலில் நின்று எழுதினாரா?

பொதுக்கட்டமைப்பு இன்னொன்று. நிவாரணத்தைச் சேர்ந்து பங்கிட அரசாங்கமும் விடுதலைப் புலிகளும் 2005 ஜூன் 24இல் கையெழுத்திட்டார்கள். ஜூலை 15இல் உயர் நீதிமன்றம் அதன் முக்கியமான பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. அது இயங்கவே இல்லை. உயர்தர வகுப்பில் இதை எடுக்கலாம், எடுக்க வேண்டும். தரம் 9இல் நான் எடுக்க மாட்டேன். நடந்ததைப் பற்றி ஒரு வரி சொல்வதற்கு முன் நடந்ததற்கு முந்திய இருபது வருடத்தைச் சொல்ல வேண்டியிருக்கும். அதைப் பாதியில் நிறுத்தினால் பிள்ளை வீட்டிலே மிச்சத்தைக் கேட்கும்.

வீடு என்று சொன்னபோதுதான் ஞாபகம் வருகிறது. இது மிக முக்கியம். நேர்காணலுக்கு அனுப்பும்போது கவனம். எங்கள் ஊரில் வெள்ளத்தைப் பற்றிக் கேட்கப் போன பிள்ளைக்கு ஒரு அம்மம்மா 2008 நவம்பரைச் சொல்லத் தொடங்கினார். நிஷா புயல் வந்தபோது அவர்கள் ஏற்கெனவே இடம்பெயர்ந்து தறப்பாளுக்குக் கீழே இருந்தவர்கள். தறப்பாளுக்குள் தண்ணீர். அங்கிருந்து கதை தானாகவே 2009க்குப் போய்விட்டது. பிள்ளை எழுதிக்கொண்டே இருந்திருக்கிறது. மறுநாள் கொப்பியைப் பார்த்து நான் என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தேன். அந்தப் பக்கங்களுக்குப் புள்ளி போடவும் முடியாது, திருத்தவும் முடியாது.

அதன் பிறகு எங்கள் முறை இது. சொந்த வீட்டில் கேட்பதில்லை, சம்மதிக்கும் அயலவரிடம் கேட்பது. தனியாகப் போவதில்லை, இருவராகப் போவது. யார் இறந்தார்கள், எத்தனை பேர் என்று கேட்பதே இல்லை. முதலில் உதவிக்கு வந்தது யார், சாப்பாடு எங்கே சமைத்தார்கள், பெயர்ப் பட்டியலை யார் எழுதினார்கள், பட்டியலில் யார் விடுபட்டார்கள். இவை மட்டும். அவர் வேறு எங்காவது போனால் பேனாவை மூடிவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். தேநீர் தந்தால் குடித்துவிட்டு வர வேண்டும். எங்கள் பாடசாலையில் உளவளத்துணைக்குப் பொறுப்பான ஆசிரியையையும் முதல் நாளே சேர்த்துக்கொண்டோம். நீங்களும் சேருங்கள்.

27 டிசம்பர் 2024

கேள்வி கேட்ட தங்கச்சி நேற்று எழுதியிருந்தார். மௌனத்துக்குப் பிறகு பிள்ளைகளைச் சுனாமி எச்சரிக்கைக் கோபுரத்தடிக்குக் கூட்டிப்போயிருக்கிறார். இது யாருக்குச் சொந்தம், ஒலிக்கச் செய்வது யார், ஒலித்தால் எந்தப் பாதையால் ஓடுவது, அந்தப் பாதையில் இப்போது யாருடைய வேலி இருக்கிறது என்று கேட்டிருக்கிறார்கள். ஓடும் பாதையை மறித்த வேலி ஒன்று உண்மையிலேயே இருந்ததாம். வீட்டுக்காரர் அதே இடத்தில் கதவு வைப்பதாகச் சொன்னாராம். இருபதாவது ஆண்டுக்கு இதைவிடப் பெரிதாக அதிபர் எதைக் கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை.

16 பெப்ரவரி 2025

மதகின் கதை. நீளமானது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பிள்ளைகள் நவம்பர் வெள்ளத்தை வரைபடமாக்கினார்கள். சுவரில் தண்ணீர் நின்ற கறை தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அடிமட்டத்தால் அளந்து வீடு வீடாகக் குறித்தார்கள். முழங்கால், இடுப்பு என்று மக்கள் சொன்னதையும் எழுதினார்கள், இரண்டும் ஒத்துப்போகாத இடத்தில் கறையையே நம்பினார்கள். படம் முடிந்தபோது ஒரு விடயம் தெரிந்தது. ஒரு குறிச்சியில் மட்டும் தண்ணீர் நாட்கணக்கில் வடியாமல் நின்றிருக்கிறது. போய்ப் பார்த்தால், வீதிக்குக் குறுக்கே உள்ள மதகு மண்ணாலும் பிளாஸ்டிக் போத்தல்களாலும் அடைபட்டுக் கிடந்தது. வீதியை உயர்த்திப் போட்டிருக்கிறார்கள், மதகு பழைய அளவிலேயே இருக்கிறது.

இந்த மதகு யாருடையது?

ஏ, பீ தரத்து வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகாரசபைக்கு. சீ, டீ மாகாண வீதித் திணைக்களத்துக்கு. உள் ஒழுங்கைகள் பிரதேச சபைக்கு. வாய்க்கால் கரை வீதி என்றால் நீர்ப்பாசனத் திணைக்களத்துக்கு. வயல் வீதி கமநலத் திணைக்களத்துக்கு. கண்டாவளைக்குத் தனியாகப் பிரதேச செயலகம் உண்டு, ஆனால் பிரதேச சபை கரைச்சியோடு சேர்ந்தது. மாவட்டத்தில் நான்கு செயலகம், மூன்று சபை. செயலகத்துக்கும் சபைக்கும் வித்தியாசம் தெரியாமலே உயர்தரம் சித்தியடைந்து பல்கலைக்கழகம் போன பிள்ளைகள் எனக்குத் தெரியும். ஒன்று அரசாங்கத்தின் கை, மற்றது நம்முடைய வாக்கின் கை. அடைபட்ட ஒரு மதகு அதை ஒரு கிழமையில் படிப்பித்துவிட்டது.

பிள்ளைகளின் கடிதத்தோடு பெற்றோர் போனார்கள். ஓர் அலுவலகம் அடுத்ததைக் காட்டியது, அது மற்றதைக் காட்டியது. பிள்ளைகளின் முகம் வாடத் தொடங்கியது. எனக்குக் கவலை அங்கேதான். அரசாங்கம் பதில் சொல்லாது என்பதைப் படிப்பிக்கவா இவ்வளவு தூரம் கூட்டிவந்தேன்? எனவே "பதில் வரவில்லை" என்பதையும் ஒரு தரவாக எழுத வைத்தோம். எந்த நாள், எந்த மேசை, என்ன சொன்னார், அடுத்து யாரைக் காட்டினார். வாடிய முகத்துக்குக் கையில் ஒரு வேலை கிடைத்தது.

23 மார்ச் 2025

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை வகுப்பில் பயன்படுத்தலாமா என்று மாங்குளத்திலிருந்து கேட்டிருக்கிறார்கள். தாராளமாக. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. குடிமக்கள் யாரும் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்ற காரணம் சொல்லத் தேவையில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு, அதற்கு மேல் ஆணைக்குழு.

நாங்கள் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துப் பெற்றோர் ஒருவரின் பெயரில் அனுப்பினோம். கேள்விகளை எழுதியது பிள்ளைகள். முதல் வரைவில் "எங்கள் மதகை ஏன் துப்புரவு செய்யவில்லை?" என்று இருந்தது. அதற்கு யாரும் பதில் தர மாட்டார்கள். "இந்த வீதி எந்த நிறுவனத்தின் பதிவேட்டில் உள்ளது? இந்த மதகு கடைசியாகத் துப்புரவு செய்யப்பட்ட திகதி எது? அதற்கான பதிவின் பிரதி தேவை" என்று மாற்றினார்கள். கோபத்தை ஆவணம் கேட்கும் கேள்வியாக மாற்றுவதற்கு அவர்கள் பட்ட பாட்டைப் பார்க்க வேண்டும். எந்தக் கட்டுரைப் பயிற்சியும் அவர்களுடைய மொழியை இவ்வளவு கூர்மையாக்கியதில்லை.

ஒரு தலைமை அலுவலகத்திலிருந்து பதில் சிங்களத்தில் வந்தது. அதைக் கிழித்துப் போடலாம் போல் எனக்கு இருந்தது. பிள்ளைகள் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்தை எடுத்து, வடக்கிலும் கிழக்கிலும் நிருவாக மொழி தமிழ் என்ற இடத்தைக் காட்டி, தமிழில் தரும்படி மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார்கள். தமிழில் வந்தது. வீதி யாருடையது என்பதும் அதில் இருந்தது.

29 ஏப்ரல் 2025

வேட்பாளர்கள் ஒழுங்கைக்குள் வரத் தொடங்கிவிட்டார்கள். மே 6 உள்ளூராட்சித் தேர்தல். பாடசாலைக்குள் யாரையும் கூப்பிட மாட்டோம், கூப்பிடவும் கூடாது. ஆனால் வீட்டு வாசலுக்கு வருபவரிடம் பிள்ளை பேசக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை. வெள்ளப் படத்தின் பிரதியை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தோம். எந்தக் கட்சி வந்தாலும் ஒரே கேள்வி: "இந்தப் படத்தில் நீல நிறம் தீட்டிய இடம் எது என்று தெரியுமா?" தெரியும் என்று சரியாகச் சொன்னவர்களும் இருந்தார்கள். அவர்கள் எந்தக் கட்சி என்று நான் கேட்கவில்லை, பிள்ளைகளும் சொல்லவில்லை.

13 ஜூலை 2025

மதகு துப்புரவு செய்யப்பட்டுவிட்டது. பெரிதாக்கப்படவில்லை. அது அடுத்த வரவு செலவுத் திட்டத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். புதிய சபையின் அமர்வைப் பார்க்க மாணவர்களுக்கு அனுமதி கேட்டிருக்கிறோம்.

எனக்கு இப்போது மனதை அரிப்பது வேறொன்று. பிள்ளைகளின் நேர்காணல்களில் திரும்பத் திரும்ப வந்தது பட்டியல். குத்தகைக்கு வயல் செய்தவருக்குப் பயிரழிவுக் கொடுப்பனவு இல்லை, காணிக்காரரின் பெயரில் போனது. அனுமதிப்பத்திரம் இல்லாத வளவில் வீடு சேதமானால் படிவத்திலேயே இடமில்லை. கூலிக்கு நாற்று நடப் போகும் பெண்ணுக்கு வேலை இழந்த நாட்களை எழுத ஒரு நிரலும் இல்லை. வெள்ளம் எல்லோர் வீட்டுக்கும் வந்தது, படிவம் எல்லோர் வீட்டுக்கும் வரவில்லை. மதகைவிட இது கடினம். அடைப்பு எங்கே என்று கையால் தொட்டுக் காட்ட முடியாது. பிள்ளைகள் இப்போது அந்தப் படிவத்தையே திருப்பி எழுதிக்கொண்டிருக்கிறார்கள், யார் யார் விடுபட்டார்கள் என்று பார்த்து நிரல்களைச் சேர்த்து. மழை தொடங்குமுன் பிரதேச செயலகத்தில் கொடுக்க வேண்டும் என்பது அவர்கள் வைத்த தவணை.

2 ஓகஸ்ட் 2025

தரம் 6க்கு இவ்வளவும் முடியுமா என்று கேட்டவருக்கு: முடியாது, தேவையுமில்லை. ஒரு மழைமானி போதும். வாய் அகன்ற நேர்ச் சுவர்ப் போத்தல், அடிமட்டம், ஒரு கொப்பி. ஒக்டோபர் முதல் தினமும் காலையில் ஒரே நேரத்தில் அளந்து வகுப்புச் சுவரில் எழுதட்டும். கிராம அலுவலரின் தொலைபேசி இலக்கமும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117உம் அதே சுவரில் இருக்கட்டும். படிவத்தின் வரைவு வேண்டும் என்று கேட்ட மூன்று பாடசாலைகளுக்கும் இந்த வாரம் அனுப்புகிறேன். உங்கள் ஊரில் விடுபட்டவர்கள் வேறாக இருப்பார்கள். கரையில் சிறுகூலித் தொழிலாளியை, நெடுங்கேணிப் பக்கம் சேனை செய்பவரைக் கேட்டு நிரலைச் சேர்த்துவிட்டுத் திருப்பி அனுப்புங்கள்.